தமனியைத் தளரச் சொல்லும் உட்படலம்: எலிப் பெருந்தமனி வளையத்தில் அசிட்டைல்கோலின் சோதனை செய்யும் முறை

நரம்புச் செய்தியைக் கடத்தும் பொருளான அசிட்டைல்கோலினை உயிருள்ள விலங்கின் சிரைக்குள் செலுத்தினால் இரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். அதே விலங்கின் பெருந்தமனியை எடுத்துச் சுருள்பட்டையாக நறுக்கித் தொங்கவிட்டு அதே மருந்தைச் சேர்த்தால் பட்டை சுருங்கும். மருந்தியலாளர்களைப் பல ஆண்டுகள் குழப்பிய முரண் இது. புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வகத்தில் 1978-இல் முயல் பெருந்தமனி எதிர்பாராமல் தளர்ந்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. பட்டையாக நறுக்கும் வேலையில் குழாயின் உட்பரப்பு எதிலாவது உரசி, அங்கே ஒரே ஒரு அடுக்காக ஒட்டியிருக்கும் உட்படலச் செல்கள் (எண்டோதீலியம்) உரிந்துபோயிருந்தன. அவை இருந்தால் தமனி தளர்கிறது, போனால் தளர்வதில்லை. இதை ஃபர்ச்காட்டும் அவருடைய உடன் ஆய்வாளர் சவாட்ஸ்கியும் 1980-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்.

அதனால் இந்தச் சோதனையைக் கற்பது என்பது பெரும்பாலும் அந்த ஒற்றை அடுக்கை உரசாமல் காப்பாற்றக் கற்பதுதான். மீதி வேலை எந்த ஆர்கன் பாத் (வெட்டியெடுத்த திசுவை உயிரோடு வைத்திருக்கும் வெதுவெதுப்பான கரைசல் கலம்) சோதனைக்கும் பொது. கீழே உள்ளது 250 முதல் 300 கிராம் எடையுள்ள எலியின் மார்புப் பெருந்தமனிக்கும், 10 மி.லி. கொள்ளளவுள்ள பாத்துக்கும் எழுதியது. இந்தியாவில் இதற்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். எலியை வலியின்றி முடிக்கும் முறையும் அந்த அனுமதியில் சொல்லப்பட்டதாகவே இருக்க வேண்டும்.

சங்கிலியை முதலில் மனத்தில் வையுங்கள்

மருந்துகளை ஏன் இந்த வரிசையில் சேர்க்கிறோம் என்று புரிய, செய்தி போகும் வழி தெரிந்திருக்க வேண்டும். அசிட்டைல்கோலின் உட்படலச் செல்லின் எம்3 மஸ்கரினிக் ஏற்பியில் அமர்கிறது. செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. கால்சியம் கால்மோடுலினோடு சேர்ந்து, கேவியோலின் என்ற புரதத்தின் பிடியில் அடங்கிக் கிடந்த நைட்ரிக் ஆக்சைடு சின்தேஸ் நொதியை எழுப்புகிறது. அந்த நொதி எல்-அர்ஜினினையும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டு நைட்ரிக் ஆக்சைடையும் சிட்ருலினையும் தருகிறது. நைட்ரிக் ஆக்சைடு ஒரு வாயு. அதைச் சேமித்து வைக்கப் பை எதுவும் கிடையாது. பிறந்த கணமே சவ்வுகளைக் கடந்து பக்கத்துத் தசைச் செல்லுக்குள் போய்விடும். அங்கே குவானிலேட் சைக்லேஸ் நொதியின் ஹீம் இரும்பில் ஒட்டிக்கொள்கிறது. அந்த நொதி சைக்ளிக் ஜிஎம்பியை உருவாக்க, அது புரோட்டீன் கைனேஸ் ஜி வழியாகத் தசைக்குள் கால்சியத்தைக் குறைத்து, மயோசினில் ஏறிய பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியையும் தூண்டுகிறது. தசை தளர்கிறது. பாஸ்போடைஎஸ்டரேஸ்-5 சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைத்ததும் செய்தி முடிகிறது. சில்டெனாஃபில் தடுப்பது இந்தக் கடைசி நொதியைத்தான். நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடக் கூடாது என்று மருத்துவர்கள் கறாராகச் சொல்வதும் இதனால்தான்: ஒரு கை சைக்ளிக் ஜிஎம்பியைக் கொட்ட, மறு கை வடிகாலை அடைத்தால் அழுத்தம் சரிந்துவிடும்.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அறுக்க ஒரு மருந்து உண்டு. சோதனையின் அழகும் அதுதான். ஆனால் நீங்கள் கேட்காமலேயே அறுக்கக்கூடியவையும் உண்டு. உரசல் முதல் கண்ணியை அறுக்கும். ஆக்சிஜன் குறைந்தால் நொதி நின்றுவிடும். குழாய்க்குள் உறைந்த இரத்தம் கிடந்தால் அதன் ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து விழுங்கிவிடும். சூப்பர் ஆக்சைடு அதைப் பெராக்சிநைட்ரைட்டாக மாற்றிவிடும். ஆக்சிஜன் ஏற்றிய கரைசலில் நைட்ரிக் ஆக்சைடின் ஆயுளே சில வினாடிகள்தான். வளையம் தளரவில்லை என்றால் மருந்தைச் சந்தேகிக்கும் முன் இந்த நாலையும் சந்தேகியுங்கள்.

கிரெப்ஸ் கரைசல்

பாத்தில் தமனியை உயிரோடு வைத்திருக்கும் உப்புக் கரைசல் இது. ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 6.90 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.35 கிராம், மெக்னீசியம் சல்பேட் ஏழுநீரேறி 0.296 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.163 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.10 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 1.98 கிராம், கால்சியம் குளோரைடு இருநீரேறி 0.368 கிராம். தண்ணீரில் உள்ள நுண்ணளவு உலோகங்களைக் கட்டிப்போட டைசோடியம் ஈடிடிஏ 10 மி.கி. சேர்ப்பது நல்லது, செம்பும் இரும்பும், தமனியைச் சுருக்கப் பயன்படும் ஃபினைலெஃப்ரின் போன்ற மருந்துகளை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும்.

கால்சியம் குளோரைடை மட்டும் தனியே கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் கரைந்து, 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டைஆக்சைடும் கலந்த கார்போஜன் வாயு பத்து நிமிடமாவது ஓடிய பிறகுதான் அதைக் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் பைகார்பனேட், பாஸ்பேட்டோடு சேர்ந்து கரைசல் பால்போலக் கலங்கும். கலங்கியதை வடிகட்டிப் பயன்படுத்தாதீர்கள். கால்சியம் எவ்வளவு மிஞ்சியது என்று உங்களுக்குத் தெரியாது. கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். 37 டிகிரி செல்சியஸில் வாயு ஓடும்போது பிஎச் 7.4 இருக்க வேண்டும். வாயு நின்றால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறத் தொடங்கும். சிலிண்டர் தீரும் நேரத்தில் வளையங்கள் எல்லாம் ஒன்றாக விசித்திரமாக நடந்துகொள்வதற்கு இதுவே காரணம். சோதனையைத் தொடங்கும் முன் சிலிண்டரின் அழுத்தமானியைப் பாருங்கள்.

பைகார்பனேட் கலந்த கரைசலை அன்றன்றே செய்ய வேண்டும். மற்ற உப்புகளைப் பத்து மடங்கு செறிவில் செய்து குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், கால்சியத்தைத் தனிப்புட்டியில்.

மருந்துகளின் மூலக்கரைசல்கள்

அசிட்டைல்கோலின் குளோரைடு காற்றில் உள்ள ஈரத்தை வெகுவேகமாக இழுக்கும். புட்டி அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு திறந்து, வேகமாக நிறுத்து மூடிவிடுங்கள். ஒரு மி.லி. தண்ணீருக்கு 1.82 மி.கி. போட்டால் 10 மில்லிமோலார். காரக் கரைசலில் இது சிதையும்; ஆகவே நீர்த்தலைக் கிரெப்ஸில் செய்து பனிக்கட்டியில் நாள்முழுக்க வைத்திருக்கும் பழக்கம் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் நீர்த்து, அன்றே முடித்துவிடுங்கள். ஃபினைலெஃப்ரின் ஹைட்ரோகுளோரைடு 2.04 மி.கி., தானே நைட்ரிக் ஆக்சைடைத் தரும் சோடியம் நைட்ரோபுருசைடு இருநீரேறி 2.98 மி.கி.: இவையும் ஒரு மி.லி.க்கு 10 மில்லிமோலார். நைட்ரோபுருசைடு வெளிச்சத்தில் கெட்டுப்போகும், குழாயை அலுமினியத் தாளில் சுற்றுங்கள். நைட்ரிக் ஆக்சைடு சின்தேஸைத் தடுக்கும் எல்-நேம் ஹைட்ரோகுளோரைடு 27 மி.கி. ஒரு மி.லி.க்குப் போட்டால் 100 மில்லிமோலார். புரோஸ்டனாய்டுகள் (கொழுப்பு அமிலத்திலிருந்து உருவாகும் செய்திப்பொருள்கள்) உருவாவதைத் தடுக்கும் இண்டோமெத்தசின் எத்தனாலிலும், குவானிலேட் சைக்லேஸைத் தடுக்கும் ஓடிக்யூ டைமெத்தில் சல்பாக்சைடிலும் கரையும். கரைப்பான் பாத்தில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எத்தனால், டைமெத்தில் சல்பாக்சைடு இரண்டும் தாமே தமனியின் போக்கை மாற்றக்கூடியவை. கட்டுப்பாட்டு வளையத்துக்கு அதே அளவு வெறும் கரைப்பானைச் சேர்க்க மறக்காதீர்கள்.

பெருந்தமனியை எடுப்பது

மார்பைத் திறந்து, வளைவிலிருந்து உதரவிதானம் வரை உள்ள துண்டை முதுகெலும்பிலிருந்து பிரித்து எடுங்கள். இழுத்துப் பிரிக்காதீர்கள். கத்தரிக்கோலின் நுனியை எலும்புப் பக்கமாகவே ஓட்டுங்கள். கொஞ்சம் கொழுப்பும் இணைப்புத் திசுவும் ஒட்டிக்கொண்டு வந்தால் நல்லதுதான், இடுக்கியால் பிடிக்க அதுவே கைப்பிடி. எடுத்தவுடன் பனிக்குளிர்ச்சியான, வாயு ஏற்றிய கிரெப்ஸ் உள்ள பெட்ரி தட்டில் போடுங்கள். தட்டின் அடியில் சிலிக்கோன் ரப்பர் ஊற்றி உறையவிட்டிருந்தால் இரு முனைகளையும் மெல்லிய ஊசியால் குத்தி நிறுத்தலாம்.

இரத்தம் உறைவதற்குள் அதை வெளியேற்ற வேண்டும். மழுங்கிய முனையுள்ள ஊசியைக் குழாயின் வாயில் ஒரு மி.மீ.க்கு மேல் நுழைக்காமல் வைத்து, சிரிஞ்சால் கிரெப்ஸை மெதுவாக ஓடவிடுங்கள். பீய்ச்சி அடித்தால் அதுவே உட்படலத்தை உரிக்கும். உறைந்த கட்டி உள்ளே மாட்டிக்கொண்டால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடுங்கள். கம்பியால் குத்தி எடுக்கப் போனால் உட்படலமும் சேர்ந்தே வரும்.

பிறகு உருப்பெருக்கியின் கீழ் கொழுப்பை நீக்குங்கள். தமனியைச் சுற்றியுள்ள கொழுப்பும் தசையைத் தளர்த்தும் பொருள்களைச் சுரக்கிறது. ஒரு வளையத்தில் விட்டு மற்றொன்றில் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. விதி ஒன்றே ஒன்று: இடுக்கி கொழுப்பையோ வெளியுறையையோ மட்டும் பிடிக்கட்டும், குழாயின் சுவரை இருபுறமும் சேர்த்து ஒருபோதும் நசுக்காதீர்கள். நசுங்கிய இடம் வெளியே தெரியாது, ஆனால் அங்கே உட்படலம் செத்திருக்கும்.

கூரான புதுப் பிளேடால் 3 முதல் 4 மி.மீ. அகலத்துக்கு வளையங்களாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் வெட்டும்போது குழாயை அமுக்கும் என்பதால் பிளேடே மேல். இரு ஓரத் துண்டுகளையும் ஒதுக்கிவிடுங்கள்.

மாட்டுவது

துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில், சுமார் 0.3 மி.மீ. தடிமனில், இரண்டு கொக்கிகள் செய்துகொள்ளுங்கள். கம்பியின் வெட்டுமுனையை உப்புத்தாளில் தேய்த்து வழுவழுப்பாக்குவது அவசியம். பிசிறு இருந்தால் மாட்டும்போதே உட்பரப்பைக் கீறும். முதல் கொக்கியை வளையத்துக்குள் நேராக, சுவரைத் தொட்டும் தொடாமலும் நுழைக்க வேண்டும். இரண்டாவதை முதல் கொக்கியின் மேல் சறுக்கவிட்டு நுழைத்தால் சுவரில் படாது. கீழ்க்கொக்கி கண்ணாடித் தண்டில், மேல்கொக்கி நூல் வழியாக, இழுவிசையை மின்குறியாக மாற்றும் விசை டிரான்ஸ்டியூசரில். நூல் நிமிர்ந்து நிற்கட்டும், பாத்தின் விளிம்பில் உரசக் கூடாது.

அதற்கு முன்பே டிரான்ஸ்டியூசரை 1 கிராம், 2 கிராம் எடைக்கற்களை வைத்து அளவுதிருத்தம் செய்திருக்க வேண்டும். பாத்தின் கொள்ளளவையும் ஒருமுறை அளவுசாடியால் சரிபாருங்கள். 10 மி.லி. என்று கோடு போட்ட பாத்தில் 11 மி.லி. பிடித்தால் நீங்கள் எழுதும் செறிவுகள் எல்லாம் தவறு. வாயுக்குமிழி சிறிதாக, ஒரே சீராக வரட்டும். பெரிய குமிழி வளையத்தை ஆட்டி வரைகோட்டை நடுங்கவைக்கும்.

ஓய்வு இழுவிசையை 2 கிராமுக்கு மெதுவாக ஏற்றுங்கள். முதல் அரைமணியில் வளையம் நெகிழ்ந்து இழுவிசை குறையும். திரும்பத் திரும்ப 2 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். அதிகமாக இழுத்துவிட்டு, பிறகு தளர்த்தினால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். இழுபட்ட உட்படலம் திரும்பாது. மொத்தம் 60 முதல் 90 நிமிடம் அமரவிட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை 37 டிகிரிக்குச் சூடாக்கிய புதுக் கிரெப்ஸை மாற்றுங்கள். இந்த நேரத்தைக் குறைக்க எல்லோருக்கும் ஆசை வரும். குறைத்தால் அடிக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கும், பிறகு எந்த எண்ணையும் நம்ப முடியாது.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது

முதலில் தசை. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு (100 மி.லி.க்கு 22.4 கிராம்) கரைசலில் 185 மைக்ரோலிட்டர் சேர்த்தால் பாத்தில் பொட்டாசியம் சுமார் 60 மில்லிமோலார் ஆகும். வளையம் உறுதியாகச் சுருங்கி நிலைக்க வேண்டும். மூன்று நான்கு முறை கழுவி, இழுவிசை அடிக்கோட்டுக்குத் திரும்பக் காத்திருந்து, இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டாவது சுருக்கம் பெரும்பாலும் முதலாவதைவிடக் கூடுதலாகவும் நிலையாகவும் இருக்கும். ஒப்பீட்டுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உட்படலம். ஏற்கெனவே சுருங்கியிருக்கும் தசையில்தான் தளர்வைக் காண முடியும். ஓய்வில் உள்ள எலிப் பெருந்தமனிக்குத் தானாகச் சுருங்கி நிற்கும் வழக்கம் இல்லை. ஃபினைலெஃப்ரின் 0.1 முதல் 0.3 மைக்ரோமோலார் கொடுத்து, சுருக்கம் சமநிலை அடைந்ததும் அசிட்டைல்கோலின் 1 மைக்ரோமோலார் சேருங்கள். சில வினாடிகளில் கோடு சரியத் தொடங்க வேண்டும்.

கணக்கு எளிது. அடிக்கோடு 2.0 கிராம், ஃபினைலெஃப்ரினுக்குப் பின் 3.6, அசிட்டைல்கோலினுக்குப் பின் 2.3 என்று வைத்துக்கொள்வோம். ஏறியது 1.6, இறங்கியது 1.3, ஆகத் தளர்வு 81 சதவீதம். இளம், ஆரோக்கியமான எலியின் வளையம் 80 சதவீதத்துக்கு மேல் தளர்ந்தால் உங்கள் கை சரியாக இருக்கிறது. பாதிகூடத் தளரவில்லை என்றால் வளையத்தைக் கழற்றிவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ வந்த எலிகளோடு ஆரோக்கியமானவற்றை ஒப்பிடுகிறீர்கள் என்றால், தளராத வளையங்களைக் கழித்துக்கட்டும் இந்த விதியே நீங்கள் தேடும் விடையைத் தூக்கி எறிந்துவிடும். நோயின் விளைவே தளர்வு குறைவதுதான். அப்படிப்பட்ட ஆய்வில் உட்படலம் இருக்கிறதா என்பதைச் சோதனை முடிந்தபின் வளையத்தைத் திறந்து, வெள்ளி நைட்ரேட் சாயமிட்டோ, உட்படலச் செல்களை அடையாளம் காட்டும் சிடி31 எதிர்ப்பொருளாலோ கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். செல்கள் இருந்தும் தளர்வு குறைவு என்றால் அது நோய். செல்களே இல்லை என்றால் அது உங்கள் இடுக்கி.

முழு வரைகோடு

கழுவி, அரைமணி முதல் ஒருமணி ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி ஃபினைலெஃப்ரினால் சுருக்குங்கள். எவ்வளவு சுருக்குவது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உச்சச் சுருக்கத்தின் 70 முதல் 80 சதவீதம் போதும். ஃபினைலெஃப்ரினை 10 மைக்ரோமோலார் என்று கொட்டினால் சுருக்கும் கை ஓங்கி, நல்ல உட்படலம்கூடச் சோம்பேறிபோலத் தெரியும். ஒப்பிடும் வளையங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு சுருங்கியிருக்க வேண்டும் என்பதை எழுதாத சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

10 மி.லி. பாத்தில் அசிட்டைல்கோலினைக் கழுவாமல் அடுக்கடுக்காகச் சேர்க்கும் அளவு இது. 1 மைக்ரோமோலார் கரைசலில் 10 மைக்ரோலிட்டர் சேர்த்தால் பாத்தில் 1 நானோமோலார். அதே கரைசலில் இன்னும் 20 சேர்த்தால் 3. பிறகு 10 மைக்ரோமோலார் கரைசலுக்கு மாறி 7 மைக்ரோலிட்டர், மொத்தம் 10 நானோமோலார்; அதிலேயே 20, மொத்தம் 30. இப்படி 7, 20 என்ற இரட்டையைப் பத்து மடங்கு செறிவான கரைசல்களோடு திரும்பத் திரும்பச் செய்து, 10 மில்லிமோலார் கரைசலின் 7 மைக்ரோலிட்டரோடு முடித்தால் பாத்தில் 10 மைக்ரோமோலார் வந்திருக்கும். மொத்தம் சேர்த்த கனஅளவு 120 மைக்ரோலிட்டருக்கும் குறைவு என்பதால் நீர்த்துப்போவதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒவ்வொரு படியிலும் கோடு சமநிலைக்கு வந்ததும் அடுத்தது. வழக்கமாக இரண்டு மூன்று நிமிடம். கடைசிப் படிகளில் கோடு மேலே திரும்பினால் பதற வேண்டாம். அதிகச் செறிவில் உட்படலம் சுருக்கும் புரோஸ்டனாய்டுகளையும் வெளியிடலாம், வயதான எலிகளிலும் அழுத்தம் கூடிய எலிகளிலும் குறிப்பாக. இண்டோமெத்தசின் 10 மைக்ரோமோலார் முன்பே கொடுத்துச் செய்தால் அந்தத் திருப்பம் மறைகிறதா என்று பாருங்கள்.

கண்ணிகளை அறுப்பது

அட்ரோபின் 1 மைக்ரோமோலார் ஏற்பியைத் தடுக்கும். எல்-நேம் 100 மைக்ரோமோலார் (100 மில்லிமோலார் கரைசலில் 10 மைக்ரோலிட்டர்) அரைமணி முன்பே கொடுத்தால் நைட்ரிக் ஆக்சைடு உருவாவதே நிற்கும். எலிப் பெருந்தமனியில் அசிட்டைல்கோலினின் தளர்வு ஏறத்தாழ முழுவதும் போய்விடும். ஓடிக்யூ 10 மைக்ரோமோலார் குவானிலேட் சைக்லேஸைத் தடுக்கும், தளர்வு அப்போதும் போகும். மூன்றும் ஒரே முடிவைத் தந்தாலும் அறுபட்ட இடம் வேறு வேறு. அதைப் பிரித்துக் காட்டுவது நைட்ரோபுருசைடு. அது தானே நைட்ரிக் ஆக்சைடைத் தருவதால் உட்படலம் தேவையில்லை. அட்ரோபின், எல்-நேம் கொடுத்த வளையம் நைட்ரோபுருசைடுக்குத் தளரும். ஓடிக்யூ கொடுத்தது தளராது, அல்லது வெகுவாகக் குறையும்.

எல்-நேமில் இரண்டு நுணுக்கங்கள். முதலாவது: தூண்டாமலேயே உட்படலம் கொஞ்சம் கொஞ்சமாக நைட்ரிக் ஆக்சைடைக் கசியவிட்டுக்கொண்டிருக்கிறது. எல்-நேம் அதையும் நிறுத்துவதால் அதே ஃபினைலெஃப்ரின் முன்பைவிட ஓங்கிச் சுருக்கும். ஆகவே ஃபினைலெஃப்ரினைக் குறைத்து, கட்டுப்பாட்டு வளையத்தின் அளவுக்குச் சுருக்கத்தைச் சமன்செய்த பிறகே அசிட்டைல்கோலினுக்குப் போக வேண்டும். இரண்டாவது: எல்-நேம் உட்பட அர்ஜினினின் எஸ்டர்கள் மஸ்கரினிக் ஏற்பியையும் ஓரளவு தடுக்கும் என்பது 1993-லேயே காட்டப்பட்டது. சந்தேகம் வந்தால் எஸ்டர் அல்லாத எல்-நைட்ரோஅர்ஜினினைப் பயன்படுத்துங்கள். அல்லது ஏற்பியைத் தாண்டிக் கால்சியத்தை நேரே உள்ளே விடும் ஏ23187 என்ற அயனோஃபோரால் தளரச் செய்து, அதை எல்-நேம் தடுக்கிறதா என்று பாருங்கள். எல்-அர்ஜினின் 1 மில்லிமோலார் கொடுத்து எல்-நேமின் விளைவை ஓரளவு மீட்டுக் காட்டினால் வாதம் வலுக்கும். டி-அர்ஜினினுக்கு அந்த வேலை ஆகாது. எல்-நேம் எளிதில் கழுவிப் போகாது என்பதால் அந்த வளையத்துக்கு அதுவே கடைசிச் சோதனையாக இருக்கட்டும்.

உட்படலத்தை வேண்டுமென்றே உரிப்பது

காப்பாற்றத் தெரிந்த பின் உரிக்கவும் தெரிய வேண்டும். கிரெப்ஸில் நனைத்த பருத்தி நூலையோ மெல்லிய மரக்குச்சியையோ வளையத்துக்குள் விட்டு, விரல் நுனியால் அரைநிமிடம் மென்மையாக உருட்டுங்கள். வளையத்தை அழுத்தாதீர்கள், உருட்ட மட்டும் செய்யுங்கள். வெற்றியா என்பதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும்: அசிட்டைல்கோலினுக்கு 10 சதவீதத்துக்கும் குறைவான தளர்வு, பொட்டாசியத்துக்கு உரிக்காத வளையத்துக்கு இணையான சுருக்கம், நைட்ரோபுருசைடுக்கு முழுத் தளர்வு. முதலாவது மட்டும் கிடைத்துப் பொட்டாசியச் சுருக்கம் பாதியாகிவிட்டது என்றால் தசையையும் சேர்த்துத் தேய்த்துவிட்டீர்கள்.

நொதிகளாலோ சோப்புப் பொருள்களாலோ உட்படலத்தை நீக்குவதும் உண்டு. வளையத்துக்கு அது தேவையில்லை, நூல் போதும்.

சிறு தமனிக்குப் போனால்

பெருந்தமனியில் கற்ற பாடத்தைச் சிறுகுடல் தாங்கிச் சவ்வின் சிறு தமனிகளுக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே எல்-நேமும் இண்டோமெத்தசினும் சேர்த்துக் கொடுத்த பிறகும் அசிட்டைல்கோலின் நன்றாகவே தளர்த்தும். உட்படலச் செல்களின் பொட்டாசிய வாயில்கள் திறந்து, அவற்றின் மின்னழுத்தச் சரிவு தசைக்கும் கடத்தப்படுவதால் வரும் தளர்வு அது. அந்த வாயில்களை அடைக்கும் அபாமினும் டிராம்-34-உம் சேர்த்துக் கொடுத்தால் அது அடங்கும். வளையத்தைப் பொட்டாசியம் குளோரைடால் சுருக்கிவிட்டுத் தேடினால் அது கண்ணில் படவே படாது, வெளியே பொட்டாசியம் ஏறியதும் அந்த மின்சரிவுக்கு வழியில்லை. இத்தனை சிறிய குழாய்க்குக் கொக்கி ஆகாது. 40 மைக்ரோமீட்டர் கம்பிகளில் மாட்டி இழுவிசையை அளக்கும் மயோகிராஃப் கருவி வேண்டும்.

விலங்கு மாறினாலும் கவனம். பன்றியின் இதயத் தமனி இறைச்சிக்கூடத்திலிருந்தே கிடைக்கும், அதற்காக ஒரு விலங்கைக் கொல்ல வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் அதில் அசிட்டைல்கோலின் தசையை நேரே சுருக்கிவிடும். அங்கே உட்படலத்தைத் தூண்டப் பிராடிகைனினையோ சப்ஸ்டன்ஸ் பி-யையோ பயன்படுத்த வேண்டும்.

எண்ணும் எழுத்தும்

ஒரே எலியின் நான்கு வளையங்கள் நான்கு சோதனைகள் ஆகா. 'n' என்று எழுதும் எண் எலிகளின் எண்ணிக்கை. நான்கில் ஒன்று கட்டுப்பாடு, ஒன்று எல்-நேம், ஒன்று உரித்தது, ஒன்று கரைப்பான் மட்டும் என்று பகிர்ந்தால் ஒரே விலங்குக்குள்ளேயே ஒப்பீடு கிடைக்கும். எந்த வளையம் எந்தப் பாத்தில் போனது என்பதை ஒவ்வொரு நாளும் மாற்றிப் போடுங்கள். எப்போதும் மூன்றாவது பாத்திலேயே எல்-நேம் கொடுத்தால், அந்தப் பாத்தின் வாயுக்குழாய் பாதி அடைத்திருந்தாலும் அது மருந்தின் விளைவாகவே தெரியும்.

வேலை முடிந்ததும் பாத்தை வெந்நீரில் கழுவினால் மட்டும் போதாது. ஓடிக்யூ, ஏ23187, இண்டோமெத்தசின் போன்றவை கொழுப்பில் கரைபவை. பிளாஸ்டிக் குழாய்களில் ஒட்டிக்கொண்டு மறுநாள் கசியும். எத்தனாலை உள்ளே நிறைத்துச் சிறிது நேரம் வைத்து, பிறகு காய்ச்சி வடித்த நீரால் ஐந்தாறு முறை கழுவுங்கள். ஒட்டிய கால்சியப் படிவுக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அப்படியும் மறுநாள் நல்ல வளையம் ஒன்று குறிப்பிட்ட ஒரு பாத்தில் மட்டும் தளர மறுத்தால், வளையத்தை அடுத்த பாத்துக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே தளர்ந்தால் அந்தப் பாத்தின் குழாய்களைக் கழற்றிப் புதியவை போடுங்கள்.